காம்பவுண்டு வீட்டில் கேஸ்: எதுவரை யார் பொறுப்பு?

ராஜபாளையத்தில், தென்காசி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் எனக்குப் பழக்கமான காம்பவுண்டு ஒன்று இருக்கிறது. எதிரும் புதிருமாக மூன்று மூன்று, மொத்தம் ஆறு வீடு. நடுவில் ஆள் நடக்க மட்டும் வழி. வழியோரம் மூடாத சாக்கடை. கடைசியில் அடிபம்பும் துவைகல்லும். மின் இணைப்பு ஒன்றுதான். வாசல் சுவரில் ஆறு சப்-மீட்டர் வரிசையாகத் தொங்கும். மாதம் பிறந்ததும் வீட்டுக்கார அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து, பழைய டைரியில் குறித்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுவார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற மாதிரி கேஸையும் கொடுத்தா என்ன? வாசல்ல ஒரு ஷெட்டப் போட்டு நாலு சிலிண்டர வச்சு, செவுத்தோட ஒரு செம்புக் குழாய ஓட்டி விட்டுட்டா, குடி வர்றவன் சிலிண்டரத் தூக்கிட்டு அலைய வேண்டாம்ல?"

"வேண்டாம் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குக் கோபம். காரணம் சொல்லாமல் மறுத்தால் யாருக்கும் கோபம்தான் வரும். அந்தக் காரணங்களை இங்கே விரித்து எழுதுகிறேன்.

சிலிண்டரிலிருந்து தொடங்குவோம். உங்கள் சமையலறையில் நிற்கும் சிவப்புச் சிலிண்டர் உங்களுடையது இல்லை. அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டரும் உங்களுடையது இல்லை. இரண்டும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு உங்களிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். வால்வில் கசிவு, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது, ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை என்றால் சரிசெய்ய வேண்டியது ஏஜென்சி. ரெகுலேட்டரின் மூக்கிலிருந்து அடுப்பு வரை உள்ள ட்யூபும் அடுப்பும் உங்களுடையவை. கோடு அந்த மூக்கில் விழுகிறது. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நீங்கள். ஒரு சிலிண்டர், ஒரு அடுப்பு, ஒரு குடும்பம் இருக்கும்வரை இதில் குழப்பம் வராது. குழாய் நீளும்போதுதான் குழப்பமும் நீள்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் அது நீள்கிற விதத்தைப் பார்த்திருப்பீர்கள். சமையலறை ஆறடிக்கு எட்டடி. சிலிண்டரை உள்ளே வைத்தால் ஆள் உட்கார இடமில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, சிலிண்டரை நடையில் வைத்து, பச்சை ட்யூபை ஓட்டை வழியாக உள்ளே இழுத்துவிடுவார்கள். அண்ணாச்சி காம்பவுண்டில் மூன்றாவது வீட்டில் இதைப் பார்த்தேன். ட்யூப் சுவருக்குள் போகும் இடத்தில் செங்கல் விளிம்பு அதை அழுத்திப் பட்டையாக்கி இருந்தது. ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் ரப்பரில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடம். எலி. சாக்கடையிலிருந்து ஏறி வரும் எலிக்கு அந்த ஓட்டைதான் ராஜபாட்டை. கசிவு தொடங்கினால் சுவருக்குள் தொடங்கும், கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கீழே இறங்கி, தரையோடு ஊர்ந்து, சாக்கடைக்குள் போய்த் தேங்கும். மூன்றாவது வீட்டுக் கசிவு ஐந்தாவது வீட்டுக் குழாயடியில் போய்க் காத்திருக்கும்.

ட்யூப் விஷயத்தில் விதி எளிமையானது. ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, சுவருக்குள் போகக் கூடாது, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஏஜென்சி விற்கும் ஆரஞ்சு நிறச் சுரக்‌ஷா ட்யூபுக்குள் கம்பி வலை இருக்கிறது. எலிப் பல்லுக்கு அது லேசில் மசியாது. அதற்கும் ஆயுள் ஐந்து ஆண்டுதான், தேதி மேலேயே அச்சடித்திருக்கும். சிலிண்டரைக் கட்டாயம் வெளியேதான் வைத்தாக வேண்டும் என்றால், சுவரைக் கடக்கும் பகுதிக்கு இரும்போ செம்போ உலோகக் குழாய் போட்டு, வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக அடைப்பு வால்வு வைத்து, அதையும் ஏஜென்சி ஆள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். தெருமுனைப் பிளம்பர் தண்ணீர்க் குழாய்க்குக் கெட்டிக்காரராக இருக்கலாம். கேஸ் வேறு.

இனி அண்ணாச்சியின் ஷெட்டுக்கு வருகிறேன். முதல் தடை, கேஸ் விற்பதற்கு அவருக்கு உரிமை கிடையாது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 2000-ஆம் ஆண்டு வந்த சமையல் எரிவாயு ஒழுங்குமுறை ஆணைப்படி, வீட்டு இணைப்பு என்பது ஒரே சமையலறையில் பொங்கிச் சாப்பிடும் ஒரு குடும்பத்துக்கு. அதை இன்னொரு குடும்பத்துக்குக் குழாய் வழியே கொடுத்துக் காசு வாங்கினால், நியமனம் இல்லாத விநியோகஸ்தர் ஆகிவிடுகிறார். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்கு மாற்றி அடைத்து விற்கும் கடைகளுக்கும் இதே சட்டம்தான், அங்கே ஆபத்து இன்னும் அதிகம். மில் வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்கள் அந்தக் கடைகளைத் தேடிப் போவதற்குக் காரணம் முகவரிச் சான்று இல்லாததுதான். அவர்களுக்கென்றே 5 கிலோ சிலிண்டர் முறையாக விற்கப்படுகிறது. இந்தியன் ஆயில் அதற்குச் 'சோட்டு' என்று பெயர் வைத்திருக்கிறது. அடையாள அட்டை ஒன்று காட்டினால் போதும்.

இரண்டாவது தடை எடை; நாலு சிலிண்டரோடு நின்றால் இது வராது, எண்ணிக்கை கூடினால் வரும். சிவகாசி பக்கத்தில் இருப்பதால் 'நாக்பூர் லைசென்ஸ்' என்றால் என்ன என்று இந்த மாவட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். பட்டாசு ஆலைக்கு அனுமதி கொடுக்கும் அதே அலுவலகம்தான், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, கேஸ் சிலிண்டருக்கும் காவல். 2016-ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகளின்படி 100 கிலோ கேஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஏழு என்றால் 99.4 கிலோ. கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95. ஆறாவதை இறக்கினால் வரம்பு தாண்டிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகடுப்பில் கிண்டினால்தான் ருசி என்று சத்தியம் செய்பவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். கேஸுக்கு மாறும் இனிப்புக்கடைக்காரர் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காலி சிலிண்டர்தானே என்று பின்கட்டில் அடுக்கி வைப்பார்கள். 'காலி' என்று நாம் சொல்லும் சிலிண்டரில் கேஸ் மிச்சம் இருக்கும். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைத்துப் பிடிபட்டால் வழங்கல் துறையிடம் எந்தச் சமாதானமும் எடுபடாது.

அப்படியானால் அடுக்குமாடிகளில் எப்படிக் குழாயில் வருகிறது? அங்கே எண்ணெய் நிறுவனமே உள்ளே வருகிறது. சிலிண்டர்கள் திறந்த வெளியில், சாக்கடைக்கும் கிணற்றுக்கும் தள்ளி, தரை மட்டத்தில் காற்று போகும் கூண்டில் நிற்கும். குழாய் போடுவதற்கு ஐ.எஸ். 6044 என்ற இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது. சிலிண்டர் வரிசைக்கு எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் 162-ஆம் எண் தரம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர், தனி அடைப்பு வால்வு. குடியிருப்போர் சங்கமோ கட்டியவரோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்து யாருடையதோ, குழாயும் அவர் தலையில். நீங்கள் அப்படி ஒரு வீடு வாங்கப்போனால் மாடி, மொசைக் எல்லாம் பார்த்த பிறகு மூன்று தாள்களைக் கேளுங்கள்: குழாய் போகும் பாதையின் வரைபடம், அழுத்தச் சோதனைச் சான்று, நடப்பு ஆண்டின் பராமரிப்பு ஒப்பந்தம். கட்டியவர் சங்கத்திடம் கைமாற்றாமல் போன கட்டடங்களில் மூன்றாவது தாள் இருக்கவே இருக்காது. விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அண்ணாச்சி நினைத்ததை நிஜமாகவே செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சக்கரத்தின் மேல் இழுத்து வந்து வைக்கும் வீடுகளுக்கென்று தனி வளாகங்கள் இருக்கின்றன. வீடு குடியிருப்பவருடையது, மனை வளாகக்காரருடையது. அங்கே வாசலில் ஒரே ஒரு பெரிய மீட்டர்; கேஸ் கம்பெனி அதுவரை கொடுத்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு மண்ணுக்குள் ஓடும் குழாய், வீட்டுக்கு வீடு சப்-மீட்டர், மாதக் கணக்கு எல்லாம் வளாகக்காரர் வேலை. 1968-ல் வந்த இயற்கை எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியில் அங்கே உருவான விதிகள் அவரைப் பார்த்து, "நீ வீட்டுக்காரன் மட்டும் இல்லை, குழாய் நடத்துபவனும் நீதான்" என்று சொல்லிவிட்டன. கசிவுச் சோதனை, துருப்பிடிக்காமல் காப்பது, அவசரத் திட்டம், பதிவேடு, பயிற்சி பெற்ற ஆள் என்று பெரிய கேஸ் கம்பெனி செய்ய வேண்டிய பலவற்றையும் இந்தச் சின்ன முதலாளியும் செய்தாக வேண்டும். வாடகை வாங்கிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? இரும்புக் குழாய்கள் மண்ணுக்குள் துருப்பிடித்தன. குடியிருந்தவர்கள் குழாயின் மேலேயே தாழ்வாரம் இறக்கிக் கட்டினார்கள். கலிபோர்னியா மாநிலம், 1997 முதல் கட்டும் புதிய வளாகங்களில் கம்பெனியே ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக இணைப்புத் தர வேண்டும் என்று மாற்றியது. பழைய வளாகங்களையும் அப்படி மாற்றும் திட்டத்துக்கு 2014-ல் முன்னோட்டமாக அனுமதி தந்து, 2020-ல் விரிவாக்கியது. பணக்கார நாட்டில் அரை நூற்றாண்டு அனுபவத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த இடம் இது. பிறகு ஒருநாள் இதைச் சொன்னதும் அண்ணாச்சி கொஞ்சம் இறங்கி வந்தார். "அப்ப மீட்டர வச்சவன் தலையிலதான் எல்லாம் விழும்ங்கிற" என்றார்.

நம் ஊரில் குழாய்வழி இயற்கை எரிவாயுவும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-ல் தொடங்கியது. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குக் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு பகுதிக்கு ஒரு நிறுவனம் என்று ஏலம் விட்டு அனுமதி கொடுப்பது, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். நகரத்துக்குள் குழாய் எப்படிப் போட வேண்டும் என்று 2008-ல் அதே வாரியம் தொழில்நுட்பப் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. உங்கள் தெருவுக்கு வரும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

மண்ணுக்குள் போவது ஒருவகைப் பிளாஸ்டிக் குழாய், சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில். அதன் மேல் எச்சரிக்கைப் பட்டை விரித்திருப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிகளில் ரயில் பெட்டி போல நீண்டு கிடக்கும் வீடுகளுக்கு முன்னால் பள்ளம் தோண்டுவதற்கு என்றுமே பஞ்சமில்லை. குடிநீர், பாதாளச் சாக்கடை, போன் கேபிள், கல்யாணப் பந்தல் கால் என்று ஆளுக்கொரு கடப்பாரை. கேஸ் குழாய் வந்த பிறகு தெருவைத் தோண்டுகிறவர் முதலில் கேஸ் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். வீட்டுச் சுவரில் ஏறும் இரும்புக் குழாயும் மீட்டரும் நிறுவனத்துடையவை. மீட்டருக்கு அப்பால் அடுப்பு வரை உள்ளதை நீங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; ஆனால் நீங்களாகவோ உங்கள் பிளம்பரோ அதில் கைவைக்கக் கூடாது. மாடியில் இன்னொரு அடுப்பு வேண்டுமென்றால் அவர்களே வந்து கிளை பிரித்துச் சோதித்துத் தர வேண்டும். அழுத்தம் சிலிண்டர் கேஸைவிடக் குறைவு, 21 மில்லிபார். ஆகவே அடுப்பின் ஜெட் துளை பெரிதாக வேண்டும். ஜெட் மாற்றிய அடுப்பில் பழைய சிலிண்டரை மாட்டிவிடாதீர்கள், சுடர் சீறும்.

காம்பவுண்டில் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது ஆறு குடும்பத்துக்கும் ஆறு மீட்டர் கேளுங்கள். ஒன்று வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் கலிபோர்னியாக் கதையைச் சொல்லுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கேஸ் பற்றி ஒரு வரி எழுதியதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், பழுதுபார்ப்பில் வீட்டுக்காரர் பங்கு எது, குடியிருப்பவர் பங்கு எது என்று அட்டவணை போட்டிருக்கிறது. குழாய் மாற்றுவது வீட்டுக்காரர் பக்கம், சமையலறைப் பொருத்துகளைப் பழுதுபார்ப்பது குடியிருப்பவர் பக்கம். 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், துண்டிக்கக் கூடாத அத்தியாவசிய வசதிகளில் குழாய் கேஸையும் சேர்த்தது. அட்டவணையை நம்பி இருக்காமல் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "சுவரோடு பதித்த கேஸ் குழாயும் வால்வும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு, ட்யூப், அடுப்பு குடியிருப்பவர் பொறுப்பு, குடியேறும் அன்று இருவரும் சோப்புத் தண்ணீர் விட்டுச் சோதித்துப் பார்த்தோம்." தேதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பத்திர எழுத்தர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

முகவரி விஷயம் அதைவிட முக்கியம். கேஸ் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் பொதுக் காப்பீடு ஒன்று உண்டு. நாம் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்தில் சிகிச்சைக்கு மொத்தம் 30 லட்சம். வீட்டுச் சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம், அதுவும் ஏஜென்சியில் பதிவான முகவரியில் நடந்தால் மட்டும். அண்ணாச்சி காம்பவுண்டில் குடியிருந்த ஒரு தம்பியின் கேஸ் புக்கில் சத்திரப்பட்டி முகவரி இருந்தது. மாறி வந்து நாலு வருடம். ஏஜென்சிக்குப் போய் முகவரி மாற்ற அரைநாள் வேலை. அந்த அரைநாள்தான் அவருக்குக் கிடைக்கவில்லை. ஊர்விட்டு ஊர் மாறினால் பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கி, புது ஊரில் கொடுத்தால் இணைப்பு தொடரும். முன்னால் குடியிருந்தவர் விட்டுப்போன சிலிண்டரை வீட்டுக்காரர் "இதையே வச்சுக்கோங்க" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் அந்த இணைப்பு யாருடையதோ அவரைத்தான் தேடுவார்கள். அவர் எங்கோ கோவில்பட்டியில் இருப்பார்.

சிலிண்டர் இறக்கும்போது கைப்பிடி வளையத்தின் உள்பக்கத் தகட்டைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்று ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். அது அடுத்த சோதனைக்கான கெடு. கெடு கடந்த சிலிண்டரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். ஏஜென்சி மசியவில்லை என்றால் மாவட்ட வழங்கல் அலுவலருக்கு எழுதுங்கள்; எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டத்தில் போய் நின்றும் கேட்கலாம்.

வாடை வந்தால்: சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்து, வெளியே வந்த பிறகு போன் செய்யுங்கள். சிலிண்டர் கேஸ் கசிவுக்கு 1906, நாள் முழுக்க எடுப்பார்கள். தீயணைப்புக்கு 101. சிலிண்டர் கேஸ் கீழே தங்கும், குழாயில் வரும் இயற்கை எரிவாயு மேலே ஏறும். அதனால் முன்னதற்கு வாசற்படியும் சாக்கடையும், பின்னதற்கு மேல் ஜன்னலும் பரணும் முக்கியம்.

கடைசியாக ஒரு வகை வீடு மிச்சமிருக்கிறது, சக்கரத்தில் ஓடுவது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலைய யார்டில் தனியாக நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து புறப்பட்டு வந்த பயணிகள். பெட்டிக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த சிலிண்டரை வைத்து டீ போட முயன்றிருக்கிறார்கள். ரயில்வே சட்டத்தின் 67, 164, 165-ஆம் பிரிவுகள் இதைத் தடுக்கத்தான் இருக்கின்றன. கார்த்திகை பிறந்துவிட்டால் நம் ரோட்டில் ஓடும் ஐயப்பன் வேன்களுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். பின் சீட்டுக்கு அடியில் சிலிண்டர், அதன்மேல் அரிசி மூட்டை.

அண்ணாச்சிக்கு மெயின் ரோட்டில் ஒரு காலி மனை இருக்கிறது. சீசனில் இரவு தங்கும் வேன்களுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் கொடுத்துக் காசு வாங்குவார். சிலிண்டர் வேன்காரருடையது, ஆனால் இடம் உங்களுடையது, காசும் வாங்குகிறீர்கள் என்று சொன்னேன். இந்தத் தடவை கோபிக்கவில்லை. சமையலுக்கென்று மனையின் ஓரத்தில் தகரம் போட்டு ஒதுக்கி, இரண்டு வாளி மணலும் வைத்தார். 'வேனுக்குள் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது' என்று சுவரில் பெயின்டில் எழுதச் சொன்னார். வருகிறவர்களில் பாதிப் பேர் ஆந்திரா என்பதால் தெலுங்கிலும் எழுத வேண்டும் என்று ஆள் தேடினோம். ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களுக்குக் குறைச்சலில்லை, எழுதத் தெரிந்தவர்தான் கிடைக்கவில்லை. கடைசியில் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வேன் டிரைவர், அடுப்புக்கரியை எடுத்து அந்தச் சுவரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.